சூடேறியபின் ஆயில் விளக்கு மினுங்கினால் கெட்டியான ஆயில் ஊற்றலாமா?

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வந்து தருமபுரி நான்கு ரோட்டில் நிற்கும்போது மட்டும் சிவப்பு ஆயில் விளக்கு மினுங்குகிறது, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது, மெக்கானிக் 5டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதிலாக அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறார், ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையது பழைய டர்போ டீசல் கார் என்பதையும் சேர்த்துப் பார்த்தே சொல்கிறேன்: எஞ்சினுக்குள் ஆயிலின் அழுத்தத்தைக் கேஜ் (அளவுமானி) வைத்து அளக்கும் வரை ஊற்ற வேண்டாம்.

அந்த விளக்கு அழுத்தத்தை அளப்பதில்லை. எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் ஒரு சிறிய சுவிட்சுதான் அதை எரிய வைக்கிறது. பெரும்பாலான கார்களில் அழுத்தம் ஏறத்தாழ அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கினால்தான் அந்தச் சுவிட்ச் வேலை செய்யும். ஆகவே விளக்கு மினுங்குவது உண்மையாக இருந்தால், அழுத்தம் அபாயகரமான அளவுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். சுவிட்ச் பழுதாக இருந்தால் எஞ்சினில் ஒன்றுமே இல்லை. இரண்டில் எது என்பதை விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நிற்கும்போது மட்டும் ஏன் என்பதற்குக் காரணம் இதுதான். பழைய எஞ்சின்களின் ஆயில் பம்ப், கிராங்க் (எஞ்சினின் முக்கிய சுழல் தண்டு) ஒரு சுற்றுச் சுற்றினால் இவ்வளவு என்று ஆயிலைத் தள்ளிவிடுகிறது. அந்த ஆயில், தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் இடுக்குகளில் நுழைந்து வெளியேறும்போது ஏற்படும் தடையே அழுத்தமாகிறது. 40 டிகிரியில் இருக்கும் 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியை எட்டும்போது அதன் பிசுக்குத்தன்மை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கணவாய் ஏறிய சூட்டில் ஆயில் தண்ணீராகியிருக்க, ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) பம்பும் மெதுவாகச் சுற்ற, இரண்டும் ஒரே நேரத்தில் சேரும் இடம் உங்களுக்கு நான்கு ரோடு.

மீட்டர் போர்டில் சூடு காட்டும் முள்ளை நம்பி ஆறுதல் அடையாதீர்கள். அது காட்டுவது கூலண்ட்டின் சூட்டை. அதையும் பல கார்களில் ஓரளவு ஏற்ற இறக்கத்துக்கு அசையாமல் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். என் காரில் ஆயில் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தனித்தனி கேஜ் மாட்டியிருக்கிறேன். சித்திரை வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறினால் (ஏறத்தாழ 400 மீட்டர் உயர வித்தியாசம்), கூலண்ட் முள் இருந்த இடத்திலேயே இருக்க, ஆயில் சூடு 100ஐத் தாண்டி 115 வரை போய்விடும். அது கெடுதலான சூடு அன்று. பொதுவாக 90 முதல் 110 வரை ஆயிலுக்கு ஏற்ற நிலை, 130ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். மாறாக, ஊருக்குள்ளேயே நாலு தெரு ஓட்டி நிறுத்தும் கார்களில் ஆயில் போதிய சூடே ஏறாமல், உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிக் கசடாகிறது.

முதலில் ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டை ஒட்டியிருந்தால் வளைவுகளில் ஆயில், எஞ்சினின் அடியில் அது தேங்கும் சேம்பரின் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்ச வாய்ப்புண்டு. அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்து, விரலில் தேய்த்தால் டீசல் நெடி வந்தால், இன்ஜெக்டர் பக்கமிருந்து டீசல் கசிந்து ஆயிலை நீர்க்கச் செய்கிறது. நீங்கள் ஊற்றாமல் ஆயில் கூடினால் அது நல்ல சகுனம் அன்று. இவை இரண்டும் இல்லையென்றால், சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் மெக்கானிக்கல் கேஜை மாட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரமாவது ஓட்டி நன்றாகச் சூடேற்றியபின் ஐடிலிங்கிலும் 2000 ஆர்பிஎம்மிலும் அளக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அளந்தால் எல்லாக் காரும் நல்ல கார்தான். ஆயிரம் ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார் என்பது பழைய வாய்க்கணக்கு. உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே முடிவானது.

அழுத்தம் சரியாக வந்தால் சுவிட்சை மட்டும் மாற்றுங்கள், செலவு சொற்பம். குறைவாக வந்தால் சேம்பரை இறக்கி ஸ்ட்ரெய்னரை (பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்திலுள்ள வடிகட்டி வலையை) பார்க்க வேண்டும், பிறகு பம்பையும் மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் அதன் ரிலீஃப் வால்வையும், கடைசியாக பேரிங்குகளை. பேரிங் தேய்ந்திருந்தால் கெட்டியான ஆயில் கேஜில் எண்ணைக் கூட்டிக் காட்டும், தேய்மானம் அப்படியே இருக்கும். ஸ்ட்ரெய்னர் கசடால் அடைபட்டிருந்தாலோ நிலைமை மோசமாகும்: மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது 20டபிள்யூ-50 அந்த அடைப்பைத் தாண்டி, ஆயிலை நம்பிச் சுழலும் டர்போவுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும்.

அதுவரை கணவாய் ஏறும்போது லாரிக்குப் பின்னால் நாலாவது கியரிலேயே திணறவிடாமல் மூன்றுக்கு இறக்கி, 2000க்கு மேல் சுற்ற விடுங்கள். பம்பும் கூடத் தள்ளும், பேரிங் மேல் விழும் சுமையும் குறையும். விளக்கு மினுங்காமல் நிலையாக எரிந்தால் ஓரம்கட்டி உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஒர்க்‌ஷாப் இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும் ஓட்ட வேண்டாம், கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.