தலைக்கு மேலே ஒரு தராசு: தொங்கு சிற்பம் பற்றிக் கேள்வி பதில்

குன்னூரில் தகடு வெட்டி, கம்பி வளைத்து, வீடுகளுக்கும் ஓட்டல் லாபிகளுக்கும் காற்றில் அசையும் தொங்கு சிற்பம் செய்து மாட்டுகிறேன். வந்த கேள்விகளில் சிலவும் பதில்களும் இங்கே.

ஊட்டி ஆசிரியை: இதற்கு 'மொபைல்' என்று பெயர் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஏன் சார் அந்தப் பெயர்?

நான் செல்போன் ரிப்பேர் செய்கிறேன் என்றுதான் என் மாமியார்கூட ரொம்ப நாள் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் அசையும் சிற்பங்களுக்கு 1931இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப் வைத்த பெயர் அது. போன் அப்புறம்தான் வந்தது. கால்டர் 1955இல் அகமதாபாத்துக்கு வந்து, அங்கே ஆலை நடத்திய சாராபாய் குடும்பத்தாரின் விருந்தினராக இருந்து சில சிற்பங்கள் செய்திருக்கிறார். பிள்ளைகளுக்குக் கல்யாணப் பந்தலில் தொங்கும் ஓலைக்கிளியைச் சொல்லுங்கள், சட்டென்று புரிந்துவிடும்.

கூடலூர் இளைஞர்: அண்ணா, மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தேன். ஒரு துண்டு சேர்த்தால் மொத்தமும் சாய்கிறது.

சாயத்தான் செய்யும் தம்பி. கீழேயிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசிக் கம்பியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 30 செ.மீ., ஒரு முனையில் 40 கிராம் தகடு, மறுமுனையில் 20 கிராம். கனமான பக்கத்திலிருந்து 10 செ.மீ. தள்ளித் தூக்கினால் நிற்கும். 40ஐ 10ஆல் பெருக்கினாலும் 20ஐ 20ஆல் பெருக்கினாலும் 400தான். நிறுத்துப்போடும் கடைக்காரருக்குத் தெரிந்த கணக்கு. இப்போது இந்த முழுத் தொகுப்பும் சேர்ந்து, அதற்கு மேலே வரும் கம்பியின் ஒரு முனையில் தொங்கும் ஒற்றை எடை.

கம்பியின் எடையை மறந்துவிடாதீர்கள். 2 மி.மீ. எஃகுக் கம்பி 30 செ.மீ. இருந்தாலே ஏழு கிராமுக்கு மேல். அதனால் நிற்கும் இடம் கம்பியின் நடுவை நோக்கிக் கொஞ்சம் நகரும். கணக்குப் போட்டு அடையாளம் வையுங்கள். ஆனால் விரலில் வைத்துப் பார்த்த பிறகே கண்ணி, அதாவது தூக்கிக் கட்டும் வளையம், வளையுங்கள். இன்னொன்று: கம்பியை வில்லைப்போல் வளைத்து, நடுக்கண்ணி இரண்டு முனைகளையும்விட உயரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். கண்ணி தாழ்ந்திருந்தால் லேசான காற்றுக்கே தலைகீழாகக் கவிழும்.

கோத்தகிரி: பழைய பங்களா, பலகை சீலிங். கொக்கி போடலாமா?

பலகையில் வேண்டவே வேண்டாம். தட்டிப் பாருங்கள், 'டொக்' என்று கெட்டியாகக் கேட்கும் இடத்தில் மேலே சட்டம் ஓடும். மெல்லிய துளையிட்டு, மரத்தூள் காய்ந்து உறுதியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கொக்கியைத் திருகுங்கள். தூள் ஈரமாக, கருத்து வந்தால் கூரை ஒழுகுகிறது என்று அர்த்தம். முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள். நான் ஒரு தடவை ஓர் ஓட்டலில் அவசரப்பட்டு ஃபால்ஸ் சீலிங் சட்டத்திலேயே மாட்டிவிட்டேன். சிற்பம் நான்கு கிலோதான். மூன்றாம் நாள் போனால் சீலிங் தொப்பை போட்டிருந்தது. அன்றிலிருந்து கான்கிரீட்டைத் தொடாமல் லாபி வேலை எடுப்பதில்லை.

குன்னூர் ஓட்டல் மேலாளர்: லாபி உயரம் 18 அடி. தூசி தட்டுவது எப்படி?

முதலிலேயே கப்பி வைத்துவிடுங்கள். இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, ஏற்றலாம். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் சாரம் கட்ட வேண்டும். கப்பிக்கயிற்றோடு தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பிவடமும் கட்டாயம்.

வெலிங்டன்: குளிருக்கு ஜன்னலைத் திறப்பதே இல்லை. சிற்பம் அசைகிறதே இல்லை, சார்.

மெல்லிய தகடாக இருந்தால் ஆள் நடந்துபோகும் காற்றே போதும். 1 மி.மீ. அலுமினியத்தில் பத்துக்குப் பத்து செ.மீ. சதுரம் 27 கிராம். அதே அளவு பித்தளை சுமார் 85. பித்தளை பார்க்க அழகு, அசையத்தான் சோம்பல். கணப்படுப்பு இருக்கிறதா? அதற்குக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள், எழும்பும் சூடான காற்றில் மெதுவாகச் சுற்றும். ஒவ்வொரு இணைப்பிலும், நூல் முறுக்கிக்கொள்ளாமல் தானாகச் சுழலும் சுழல்கண்ணி போடுங்கள், தூண்டில் கடையில் கிடைக்கும். காற்று வேண்டுமே என்று வராந்தாவில் மட்டும் மாட்டாதீர்கள். நம்மூர்க் குரங்குகளுக்கு அது ஊஞ்சல்.

கொடைக்கானல் அக்கா: அக்டோபர், நவம்பர் மழையில் எல்லாம் துருப்பிடிக்கிறது. உண்ணிச்செடிக் குச்சியில் செய்தால் என்ன?

தாராளமாகச் செய்யலாம் அக்கா. துரு கண்ணியில்தான் தொடங்கும், உரசி உரசிப் பெயிண்ட் போகும் இடம் அது. கண்ணிக்கு மட்டுமாவது ஸ்டெயின்லெஸ் கம்பி போடுங்கள். குச்சியை வேகவைத்துத் தோலுரித்து நன்றாகக் காயவிடுங்கள். ஒரு சங்கடம், மரம் ஈரத்தைக் குடிக்கும். மூடுபனி இறங்கும் மாதங்களில் குச்சிப் பக்கம் கனத்துத் தாழும். அதனால் கண்ணியை இறுக்காமல் நகரும்படி விடுங்கள். தாழ்ந்த பக்கமாக அரை செ.மீ. தள்ளினால் சரியாகிவிடும். பிப்ரவரி வெயிலில் திரும்பவும் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டியிருக்கும், அதற்கெல்லாம் எனக்குப் போன் போட வேண்டாம்.