நாயகி ஏன் எப்போதும் படியில் வழுக்கி விழுகிறாள்?

கேள்வி: டிவி தொடர் ஒன்றின் கதைக்குழுவில் உதவி எழுத்தாளராக இருக்கிறேன். எங்கள் நாயகிக்கு இரண்டு பிள்ளைகள், ஜவுளிக்கடையில் வேலை, கணவருக்குக் கழுத்துவரை கடன். மூன்றாவது முறை நாள் தள்ளிப்போகிறது. அவளே யோசித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைத்துவிட்டு வருவதாக எழுதினேன். "நாயகியே இதைச் செய்தால் லேடீஸ் ஆடியன்ஸ் ஏத்துக்காது. மாமியார் பாலில் மாத்திரை கலக்கட்டும், இல்லாட்டி படியில் வழுக்கட்டும்" என்கிறார்கள் சேனல்காரர்கள். அவர்கள் சொல்வது சரியா? நான் எப்படிப் பேசுவது?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: பாலில் மாத்திரை என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த டம்ளர் நம் தொடர்களில் எத்தனை வருடமாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது! படிக்கட்டும் அப்படித்தான். தரையில் சிந்திய எண்ணெய், மேலிருந்து இறங்கும் நாயகி, மூன்று கோணத்தில் ஒரே அலறல். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: கரு போக வேண்டும், நாயகி கைபடாமல் போக வேண்டும். முடிவை வில்லியோ விதியோ எடுத்துக்கொண்டால் நாயகிக்கு அழுகிற வேலை மட்டும் மிஞ்சும். தப்பித்தவறி அவளே முடிவெடுத்துவிட்டாலோ, டாக்டர் கண்ணாடியைக் கழற்றியபடி, "இனிமே இவங்களால அம்மாவே ஆக முடியாது" என்பார்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 1916 முதல் 2013 வரை வந்த அமெரிக்கப் படங்கள், தொடர்களில் கருக்கலைப்பைப் பற்றி யோசிக்கும் கதைகளைத் தேடி எடுத்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2014-ல் வெளியானது. கிடைத்தவை 310 கதைகள். அவற்றில் 42-ல் அந்தப் பெண் செத்துப்போகிறாள். கலைத்தவள் மட்டுமல்ல, கலைக்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டவளும்தான். இன்னும் 21 கதைகளில் கரு தானாகவே போய்விடுகிறது. அங்கேயும் படிக்கட்டு இருந்திருக்கும் போல.

சரி, ஆடியன்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1972 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் 'மாட்' என்ற நகைச்சுவைத் தொடர் இதை இரண்டு எபிசோடில் தொட்டது. மாட் 47 வயதுக்காரி, பேரன் எடுத்தவள். கருத்தரித்திருப்பது தெரிந்ததும் ஆடிப்போகிறாள். நியூயார்க்கில் இப்போது இது சட்டப்படி சரிதானே என்று எடுத்துச் சொல்பவள் அவளுடைய மகள். முடிவில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுகிறார்கள், கலைப்பது என்று தீர்மானிக்கிறார்கள், அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, மழை கொட்டவில்லை. ஒன்றிரண்டு உள்ளூர் நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. அடுத்த ஆண்டு மறுஒளிபரப்பின்போது எதிர்ப்பு இன்னும் பெரிதாகி, விளம்பரதாரர்கள் கழன்றுகொண்டார்கள். ஆகவே உங்கள் சேனல்காரர்களின் பயத்தை ஒரேயடியாகக் கேலி செய்யாதீர்கள், அவர்களுக்கு விளம்பரம்தான் சோறு. ஆனால் அந்த சீசனில் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த முதல் பத்துத் தொடர்களில் 'மாட்' இருந்தது. 1978 வரை ஓடவும் செய்தது. பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால் 2021-ல் மலையாளத்தில் வந்த 'சாராஸ்' இருக்கிறது. இயக்குநராகத் துடிக்கும் பெண் இப்போது குழந்தை வேண்டாம் என்று முடிவெடுக்கிறாள், படம் அவள் பக்கம் நிற்கிறது.

"ஆபத்து இல்லாட்டி டிராமா எங்கே?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆபத்தைக் காட்டிய நல்ல படங்கள் உண்டு. 2007-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய ருமேனியப் படம் '4 மாதம், 3 வாரம், 2 நாள்'. கதை நடப்பது 1987-ல், கருக்கலைப்பு அங்கே குற்றமாக இருந்த காலத்தில். ஓட்டல் அறையில் கலைக்க வந்த தோழி தனியாகக் கிடக்கிறாள். உதவிக்கு வந்தவளோ காதலன் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் மாட்டிக்கொள்கிறாள். சுற்றிலும் பெரியவர்கள் ஓயாமல் பேசுகிறார்கள், கேமரா அசையவே இல்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வயிற்றைப் பிசையும் காட்சி அது. அந்தப் பயம் அந்தச் சட்டம் கொடுத்த பயம். அதைத் தூக்கிவந்து இன்றைய சென்னை ஆஸ்பத்திரிக்குள் வைத்தால் பொய்யாகிவிடும்.

ஏனென்றால் உங்கள் நாயகியின் காட்சியை நம் சட்டம் 1971-லேயே எழுதிவைத்துவிட்டது. இத்தனை பிள்ளை போதும் என்று எடுத்த கருத்தடை முயற்சி தவறி உண்டான கருவை மணமான பெண் கலைக்கலாம் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. 2021 திருத்தம் மணமாகாதவர்களையும் இதில் சேர்த்தது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். 18 வயது நிரம்பியவளுக்கு அவள் கையெழுத்து மட்டும்தான் தேவை, கணவர் கையெழுத்து தேவையில்லை. இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. ஸ்கேன் சென்டர் சுவரில் தொங்கும் 'ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது' பலகையைப் பார்த்துவிட்டு, கலைப்பதே குற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு சட்டம், பெண் சிசுவைக் காப்பாற்ற வந்தது. உங்கள் தொடர் இந்தக் குழப்பத்தைத் தீர்க்காவிட்டாலும் கூட்டாமல் இருக்கலாம்.

டிராமா எங்கே என்றால், ரிசப்ஷனில் இருக்கிறது. சட்டம் கேட்காத கேள்வியை அங்கே கேட்பார்கள்: "வீட்டுக்காரர் வரலையாம்மா? அவர் கையெழுத்துப் போடணுமே." பக்கத்து நாற்காலியில் தெரிந்த முகம் ஒன்று. கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், மூன்று மணிக்குள் திரும்பவேண்டும். உள்ளே டாக்டர் கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் கேட்டு நாள் கணக்குப் போடுகிறார். ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரை. இன்று ஒன்று, இரண்டு நாளில் மற்றது, அப்புறம் வயிற்றுவலி, மாதவிலக்கைவிடக் கூடுதலாக ரத்தப்போக்கு. பதினைந்து நாள் கழித்து வந்து காட்டச் சொல்வார்கள். டாக்டரைப் பார்க்காமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து. பயம் காட்டியே ஆகவேண்டும் என்றால் அதைக் காட்டட்டும், பக்கத்து வீட்டுப் பெண் கதையாக.

அவளை அழவே விடக்கூடாது என்றும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். சிலர் அழுவார்கள், சிலர் பெருமூச்சு விட்டுவிட்டு உலை வைப்பார்கள், சிலர் இரண்டும் செய்வார்கள். உங்கள் நாயகி எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மீட்டிங்கில் பெண்ணுரிமை என்று ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் டீ வந்துவிடும், பேச்சு மாறிவிடும். கணக்காகப் பேசுங்கள்: விழுந்தால் ஒரு எபிசோட், அவளே போய்விட்டு வந்தால் கணவனுக்குத் தெரியுமா, மாமியாருக்கு யார் சொல்வார்கள் என்று மூன்று வாரத்துக்குக் கதை ஓடும். அதற்கும் மசியாவிட்டால் படிக்கட்டை விட்டுக்கொடுத்துவிடுங்கள், வேலை முக்கியம். ஆனால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சொல்லும் அந்த ஒரு வசனத்தை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். முறையாகச் செய்துகொண்ட கலைப்பால் பிள்ளைப்பேறு போய்விடாது.