கிரைண்ட் செய்த கிராங்க் ஷாஃப்டைத் திரும்ப எஞ்சினில் போடலாமா?

கேள்வி இது: நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினை இறக்கிப் பிரித்திருக்கிறீர்கள். கிராங்க் ஷாஃப்டில் (பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) இரண்டாவது சிலிண்டரின் பிக் எண்ட் ஜர்னலில், அதாவது பிஸ்டனிலிருந்து வரும் கனெக்டிங் ராட் மாட்டும் உருண்டைப் பகுதியில், நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருக்கிறது. விட்டத்தில் 0.50 மி.மீ. கிரைண்ட் அடித்து, அதாவது அரவைச் சக்கரத்தால் சீவிப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். கிரைண்ட் செய்தால் கிராங்க் மெலிந்து சீக்கிரம் உடைந்துவிடும், புதிதாக வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

போடலாம். கிராங்க் கிரைண்டிங் மெஷினில் நின்று வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒழுங்காகக் கிரைண்ட் செய்த கிராங்க் புதியதைப் போலவே உழைக்கும். ஆனால் அந்த "ஒழுங்காக" என்பதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போய்க் கேளுங்கள். பலரும் 0.25-ஆ 0.50-ஆ என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உடைந்த கிராங்குகளைப் பார்த்தால், அந்த எண் பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை.

முதலில் மெலிந்துவிடும் என்ற பயத்தைப் பார்ப்போம். 60 மி.மீ. ஜர்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 0.50 மி.மீ. எடுத்தால் குறைவது சுமார் இரண்டரை சதவீதம். 0.25 எடுத்தால் அதில் பாதி. வடிவமைக்கும்போதே இதைவிடப் பல மடங்கு கூடுதல் வலு வைத்துத்தான் செய்கிறார்கள். தயாரிப்பாளரே 0.25, 0.50 அண்டர்சைஸ் பேரிங் (மெலிந்த ஜர்னலுக்கு ஏற்ப உள் விட்டம் அந்த அளவு குறைந்த பேரிங்) விற்கிறார் என்றால், அந்த அளவுக்குக் கிராங்க் தாங்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார் என்றுதான் பொருள்.

அப்படியானால் கிரைண்ட் செய்த கிராங்க் ஏன் சில நேரம் உடைகிறது? ரேடியஸில்தான் பதில் இருக்கிறது.

ஜர்னல் போய் பக்கச் சுவரைச் சந்திக்கும் மூலையில் ஒரு சின்ன வளைவு இருக்கும். பட்டறையில் அதை ரேடியஸ் என்போம். எஞ்சின் ஓடும்போது சிலிண்டரில் எரிபொருள் எரிந்து தள்ளும் ஒவ்வொரு முறையும் கிராங்க் மிக நுண்ணிய அளவு வளைந்து நிமிர்கிறது. அப்படி வளைவதால் வரும் அழுத்தம் பெரும்பாலும் இந்த மூலையில்தான் வந்து குவிகிறது. ரேடியஸ் போதிய அளவில், வழவழப்பாக இருந்தால் அழுத்தம் பரவிவிடும். கூர்மையாகவோ ஒரு படி போலவோ இருந்தால், துணியின் ஓரத்தில் கத்திரி பட்ட இடத்தைப் போல, கிழிசல் அங்கே தொடங்கும். உடைந்த முகத்தைப் பார்த்தாலே தெரியும்: மூலையில் ஒரு புள்ளி, அதிலிருந்து அலை அலையாக விரியும் கோடுகள், கடைசியில் சட்டென்று முறிந்த சொரசொரப்பான பகுதி. விட்டம் அரை மில்லிமீட்டர் குறைந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கிரைண்டிங் சக்கரத்தின் ஓரத்தை வைரத்தால் அந்த ரேடியஸ் அளவுக்குச் சீவி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று ஜர்னல் முடிவதற்குள் சக்கரத்தின் ஓரம் தேயும். மறுபடி சீவ வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. அதனால் கிராங்கைத் திரும்ப வாங்கும்போது ஒரு டார்ச் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுங்கள். ஜர்னலும் ரேடியஸும் சேரும் இடத்தில் கோடோ படியோ தெரிந்தால் வாங்காதீர்கள். ரேடியஸ் கேஜ் வைத்து மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், நல்ல பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். ரேடியஸ் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலும் தொல்லைதான். பேரிங் ஷெல்லின் (ஜர்னலைச் சுற்றி உட்காரும் அரைவட்டத் தகடு) ஓரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்து வெட்டுப்படும்.

வார்ப்பிரும்புக் கிராங்குகள் பலவற்றில் மூலை உள்ளே குடைந்து, உருளையால் அழுத்திக் கெட்டிப்படுத்தப்பட்டிருக்கும். அந்தக் குடைவில் சக்கரம் படவே கூடாது. பட்டால், அழுத்தி ஏற்றி வைத்த வலு அங்கேயே போய்விடும்.

அடுத்தது கெட்டித்தன்மை. உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமானது இது, ஏனென்றால் 0.25, 0.50 என்ற எண்ணுக்கு உண்மையிலேயே அர்த்தம் வருவது இங்கேதான். கிராங்கின் மேற்பரப்பைக் கெட்டியாக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று இண்டக்ஷன் ஹார்டனிங், மின்காந்தத்தால் மேற்பரப்பைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பது. இதில் கெட்டியான அடுக்கு பொதுவாக 2 மி.மீ. அல்லது அதற்கும் மேல் ஆழம் இருக்கும். விட்டத்தில் 0.50 எடுத்தாலும் ஒரு பக்கத்துக்கு 0.25 தான் போகிறது, கவலையே இல்லை. இன்னொன்று நைட்ரைடிங், சூட்டில் மேற்பரப்புக்குள் நைட்ரஜனை ஏற்றுவது. இதில் மொத்த ஆழமே அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதிலும் மேலே மிகக் கெட்டியாகவும் உள்ளே போகப் போக மென்மையாகவும் இருக்கும். இங்கே ஒரு பக்கத்துக்கு 0.25 எடுத்துவிட்டால் நல்ல பகுதியை வழித்தெடுத்ததாகிவிடும். மூலைகளும் நைட்ரைடிங்கால்தான் வலுப்பெற்றிருக்கும், அதுவும் சேர்ந்து போகும். அப்படிப்பட்ட கிராங்கைக் கிரைண்ட் செய்தால் மறுபடி நைட்ரைடிங் செய்தே ஆக வேண்டும். செய்த பிறகு நேராக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

உங்கள் கிராங்க் எந்த வகை என்பதை எஞ்சினின் சர்வீஸ் கையேட்டில் தேடுங்கள். சில எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளரே கிரைண்ட் செய்யக் கூடாது என்று எழுதியிருப்பார், அண்டர்சைஸ் பேரிங்கும் தர மாட்டார். அங்கே விவாதத்துக்கு இடமில்லை, புதியதுதான். கையேட்டில் விவரம் இல்லையென்றால், கையடக்கக் கடினமானி வைத்திருக்கும் பட்டறையில் கிரைண்டிங்குக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

சரி, வெடிப்புச் சோதனை, அதாவது உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. காந்தமேற்றி, இரும்புத்தூள் கலந்த திரவம் ஊற்றி, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். வெடிப்பு இருந்தால் தூள் அங்கே கோடாகச் சேரும். கிரைண்டிங்குக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என இரண்டு தடவை செய்யச் சொல்கிறேன். முன்னால் பார்ப்பது, வெடித்த கிராங்குக்குக் கூலி கொடுத்து ஏமாறாமல் இருக்க. பின்னால் பார்ப்பது, கிரைண்டிங் சூட்டிலேயே புது வெடிப்பு வரலாம் என்பதால். குளிரூட்டும் தண்ணீர் சரியாக விழாமல், ஒரேயடியாக ஆழமாக வெட்டினால் மேற்பரப்பு கருகும். கண்ணுக்குப் பளபளவென்றுதான் தெரியும், உள்ளே மென்மையாகியிருக்கும். சோதனை முடிந்ததும் காந்தத்தை நீக்கச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எண்ணெயில் வரும் இரும்புத்துகளையெல்லாம் கிராங்க் தன்னிடமே இழுத்து வைத்துக்கொள்ளும்.

வார்ப்பிரும்பு என்றால் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதிலுள்ள கிராஃபைட் குமிழ்களைச் சுற்றி, கிரைண்டிங் முடிந்ததும் நுண்ணிய பிசிறுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். எஞ்சின் சுற்றும் திசைக்கு எதிராகக் கிரைண்ட் செய்து, சுற்றும் திசையிலேயே பாலிஷ் செய்ய வேண்டும் என்பது இதனால்தான். திசை மாறினால் அந்தப் பிசிறுகள் பேரிங்கை அரம் மாதிரி சுரண்டும். உங்கள் பட்டறைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்தே அவர் வேலை எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும்.

இப்போது உங்கள் மெக்கானிக் சொன்ன 0.50. அளக்காமல் அந்த எண்ணை எப்படி முடிவு செய்தார்? மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு ஜர்னலையும் குறைந்தது இரண்டு இடத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையில் அளக்க வேண்டும். 0.25-இல் கோடு மறைந்துவிடும் என்றால் 0.25 தான். அடுத்த தடவைக்கு உலோகத்தை மிச்சம் வையுங்கள். ஒரு ஜர்னல் மட்டும் கெட்டிருந்தாலும் நான்கு பிக் எண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதுதான் வழக்கம், பேரிங் செட்டாகத்தான் வரும். மெயின் ஜர்னல்கள் (கிராங்க் எஞ்சின் பிளாக்கில் உட்காரும் பகுதிகள்) நன்றாக இருந்தால் அவற்றை அப்படியே விடலாம். நடு மெயின் ஜர்னலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றி, வளைவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பேரிங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகு கிரைண்டிங்குக்குக் கொடுங்கள். நான் விரும்பும் முறை இது: ஷெல்லை கனெக்டிங் ராடில் மாட்டி, குறிப்பிட்ட முறுக்குவிசையில் போல்ட்டை இறுக்கி, உள் விட்டத்தை அளந்து, அதில் தேவையான இடைவெளியைக் கழித்து வரும் அளவுக்கு ஜர்னலைக் கிரைண்ட் செய்வது. இடைவெளி பொதுவாக விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும், 60 மி.மீ. ஜர்னலுக்கு 0.06 மி.மீ. போல. கையேடு வேறு சொன்னால் கையேடுதான் இறுதி. இறுக்கமாகப் போனால் எண்ணெய் போதாமல் பேரிங் சூடாகும். தளர்ந்தால் ஆயில் பிரஷர் விழும், சத்தம் வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் மூன்று மாதத்தில் மறுபடி பேரிங் அடிபடுகிறது என்றால், முதலில் அது ஏன் அடிபட்டது என்று யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பழைய ஷெல்களைத் தூக்கி எறியாதீர்கள். எந்த ஷெல் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் கீறல் இருந்தால் எண்ணெயில் அழுக்கு. ஒரு ஷெல்லின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வளைந்த ராட், அல்லது சரிவாகத் தேய்ந்த ஜர்னல். நடு மெயின்கள் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் வளைந்த கிராங்க், அல்லது பிளாக்கில் மெயின் பேரிங் இருக்கைகளின் வரிசை பிசகியது. டீசல் எஞ்சினில் இஞ்செக்டர் ஒழுகி எண்ணெயை நீர்க்கச் செய்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் வழியாக கூலன்ட் கலந்திருக்கலாம். உங்களுக்கு ஒரு சிலிண்டர் மட்டும் என்பதால் அந்த ஜர்னலுக்கு வரும் எண்ணெய்த் துளையையும் அந்த ராடையும் முதலில் பாருங்கள்.

ஷெல் சுழன்று ஜர்னல் நீலமாகக் கறுத்திருந்தால் நிலைமை வேறு. அவ்வளவு சூடு கண்ட கிராங்கில் கெட்டித்தன்மை போயிருக்கும், வளைவும் வெடிப்பும் இருக்க வாய்ப்பு அதிகம். ராடின் பெரிய துளையும் உருக்குலைந்திருக்கும். அங்கே நான் கிராங்கை மாற்றத்தான் சொல்வேன். வெல்டிங் வைத்து ஏற்றிக் கிரைண்ட் செய்து தருகிறோம் என்பார்கள். டர்போ வைத்த டீசலில் அதை நான் ஏற்கமாட்டேன், வெல்டிங் சூடு மூலையில் விட்டுச்செல்லும் இழுவிசை லேசானதல்ல.

புதியது வாங்குவதானாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். எந்த உலோகம், எப்படிக் கெட்டியாக்கியது என்று தெரியாத பெயரில்லாத புதுக் கிராங்கைவிட, ஒரு முறை நன்றாகக் கிரைண்ட் செய்த அசல் கிராங்கையே என் எஞ்சினில் போடுவேன். புதியதையும் மைக்ரோமீட்டரால் அளந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

கடைசியாக, சுத்தம். கிரைண்டிங் தூள் எண்ணெய்த் துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். துளைகளின் அடைப்புகளைக் கழற்றி, பிரஷ் விட்டுத் தேய்த்து, கழுவி, காற்றடிக்க வேண்டும். துளை வாய்களின் கூர்மையை மழுக்கியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆயில் கூலர் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள், பேரிங் துகள் புகுந்த கூலரை முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது. அசெம்பிளி முடிந்து எண்ட் பிளே (கிராங்க் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி) கையேட்டு அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, எரிபொருளை நிறுத்தி ஸ்டார்ட்டரில் மட்டும் விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள்.