உலக முடிவில் நின்று சூரிய உதயம் பார்க்க எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

நுவரெலியாவில் தங்கப் போவதாகவும், ஹோட்டன் சமவெளி செங்குத்தாக முடிகிற உலக முடிவு (வேர்ல்ட்ஸ் எண்ட்) விளிம்பில் நின்று சூரியன் எழுவதைப் பார்க்க எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் பார்க்க முடியாது. இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினாலும் சரி.

ஹோட்டன் சமவெளி ஒரு தேசியப் பூங்கா, அதன் வாசல் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். நம் நாட்டில் சூரியன் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின்னாக, 5.50க்கும் 6.30க்கும் இடையில் எழுந்துவிடுகிறது. வாசலில் டிக்கட் எடுத்து, நடைபாதை தொடங்கும் ஃபார் இன் வரைக்கும் வாகனத்தில் போய், பை சோதனை முடித்து, அதற்குப் பிறகு உலக முடிவுக்கு ஏறக்குறைய 4 கிலோமீற்றர் நடக்க வேண்டும். பழகியவனுக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகுட்டியோடு, போட்டோ எடுத்துக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம். நீங்கள் விளிம்புக்குப் போய் நிற்கும்போது சூரியன் நன்றாக மேலே வந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பாறை பார்ப்பது தெற்கே. சூரியன் வருவது உங்கள் இடது கைப்பக்கம், ஹப்புத்தளை மலைகளின் பக்கமாக. படங்களில் பார்த்திருப்பீர்களே, பள்ளத்தாக்குக்கு நேர் எதிரே தங்கத் தட்டு எழும்புகிற மாதிரி, அது இங்கே எடுத்த படமாக இருக்காது.

இப்படிச் சொன்னதும் யாராவது வந்து, "நான் பார்த்தேனே, நீ என்ன பெரிய ஆளா" என்று எழுதுவார். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாவில் தங்கியவர்கள், கூடாரம் போட்டவர்கள் சமவெளியில் விடிவதைப் பார்த்திருப்பார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நான் வழிகாட்டியும் இல்லை, காட்டைப் பற்றிப் படித்தவனும் இல்லை. ஹப்புத்தளைக்காரன். உறவுக்காரர் யார் வந்தாலும் மலையைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும்.

கோத்தகிரியில் இருந்து பெரியப்பா வந்தபோதும் அப்படித்தான். பெரியப்பா பிறந்தது உலக முடிவுக்கு நேர் கீழே, பெலிஹுல்ஓயாப் பக்கம் இருக்கிற நன்பேரியல் தோட்டத்தில். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை இரண்டு நாடுகளுக்கும் பங்கு போட்ட 1964 ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பம் இரண்டாகப் போனது. எங்கள் அப்பா இந்த நாட்டுக்கு எழுதிக் கொடுத்தார், பெரியப்பாவுக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. எழுபதுகளில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கேயும் கொழுந்துதான், அங்கேயும் குளிர்தான். ஓய்வு பெற்ற பிறகு பேரனோடு வந்தார். பெரியப்பா கேட்டது பிறந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று. பேரன் கேட்டது உலக முடிவில் சூரிய உதயம்.

பேரனுக்கு அந்த ஆசையை ஏற்றிவிட்டது அவர்கள் முதல் இரவு தங்கிய இடம். பெயர் வேண்டாம். "சன்ரைஸ் டூர்" என்று சுவரில் படத்தோடு ஒட்டி, அதற்குத் தனியாகக் காசும் வாங்குகிறார்கள். "ஆறு மணிக்கெல்லாம் வேர்ல்ட்ஸ் எண்ட்ல நிப்பீங்க சேர்" என்று அங்கிருந்த பையன் சத்தியம் பண்ணினான். நான் சொன்னால் எடுபடுமா? ஊர்க்காரன் சொல்வதைவிட சுவரில் ஒட்டிய கடதாசிக்கு மதிப்பு அதிகம்.

தை மாதக் குளிர். பட்டிப்பொல வழியாகப் போனோம். அம்பேவல பக்கம் வேன் வெளிச்சத்தில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. வாசலில் எங்களுக்கு முன்னால் ஒரு நீளத்துக்கு வேன், ஜீப், ஆட்டோ. ஒருவரும் இறங்கவில்லை, எல்லாக் கண்ணாடியிலும் மூச்சு படிந்திருக்கிறது. ஆறு மணிக்கு வாசல் திறந்து வரிசை நகர நகர, கிழக்கே சிவந்து, டிக்கட் கவுண்டரில் நாங்கள் நிற்கும்போதே மரங்களுக்கு மேலே வந்துவிட்டான் சூரியன். பேரன் ஓடிப்போய் ஒரு ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்தான். அன்று மாலையே அது "உலக முடிவில் உதயம்" என்ற தலைப்போடு இன்ஸ்டாகிராமில் போய்விட்டது. கீழே எத்தனையோ பேர் "வாவ்" போட்டிருந்தார்கள். உங்கள் கேள்வி எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரிவது அதனால்தான்.

கவுண்டரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு உள்நாட்டு டிக்கட். பெரியப்பாவுக்கு வெளிநாட்டவர் டிக்கட். சார்க் நாட்டவர் என்று கொஞ்சம் குறைத்தாலும் என் டிக்கட்டைப் போலப் பல மடங்கு. கவுண்டரில் இருந்தவர் மரியாதையான மனுசர், சட்டம் அதுதான், அவர்மேல் குறையில்லை. ஆனாலும் அந்த மலைக்குக் கீழே தோட்டத்துக் காம்பரா அறையில் பிறந்து, அந்த மலைக் கொழுந்தைப் பறித்துக் கை கறுத்தவர், அதை மேலேயிருந்து பார்க்க வெளிநாட்டுக்காரராகக் காசு கட்டினார். நான் பேச வாயெடுத்தேன். பெரியப்பா என் தோளில் தட்டி, "விடுய்யா, அங்க என்னய சிலோன்காரன்னு சொல்றானுங்க, இங்க இந்தியாக்காரன்ங்கிறானுங்க. ரெண்டு ஊர்லயும் விருந்தாளி நான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2023இல், எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடம் என்று, மலையகம் 200 என்ற பெயரில் நடை போனோம், மேடை போட்டோம், பேசினோம். ஒப்பந்தத்தில் போனவர்களைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் என்று நான் கேட்டால், "இதுவும் அரசியலா" என்பீர்கள். சரி, விடுகிறேன்.

உள்ளே பை சோதனை. பொலித்தீன், பிளாஸ்டிக் உறை எதுவும் கொண்டுபோக முடியாது, தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூடக் கிழித்து வாங்கிக்கொள்வார்கள். இது நல்ல விஷயம், முகம் சுழிக்காதீர்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில் மரைகள் ஆடு மாதிரி வந்து நிற்கும். பாண் துண்டு கொடுக்காதீர்கள். கொடுத்துக் கொடுத்தே அவற்றைப் பிச்சைக்காரர்களாக்கி வைத்திருக்கிறோம்.

பாதை ஒரு வட்டம், ஏறக்குறைய 9 கிலோமீற்றர். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றிக்கொண்டு வரலாம். உலக முடிவை முதலில் முடித்துவிடுங்கள், நீர்வீழ்ச்சி எங்கேயும் ஓடிவிடாது. ஏனென்றால் ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கு மூடிவிடும். இரவு முழுக்கக் கீழே தங்கியிருந்த ஈரக் காற்று வெயில் ஏற ஏறச் சூடாகி, சரிவோடு மேலே வந்து, குளிர்ந்து முகிலாகிவிடுகிறது. பிறகு நீங்கள் பார்ப்பது வெள்ளைச் சுவர். தை முதல் பங்குனி வரை பரவாயில்லை. மழைக் காலத்தில் காலை ஏழு மணிக்கே சுவர்தான். நீங்கள் அவசரப்பட வேண்டியது உதயத்துக்காக அல்ல, இந்த முகிலுக்காக. அந்த அளவில் நாலரை மணிக்கு நுவரெலியாவில் இருந்து கிளம்புவது சரியான யோசனைதான்.

நாங்கள் போன அன்று வானம் கண்ணாடி. விளிம்பில் ஏறக்குறைய 870 மீற்றர் நெட்டுக்கு நேரே பள்ளம். வயிற்றைப் பிசையும். பக்கத்தில் கொழும்பில் இருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அம்மா கீழே காட்டி, "அந்தக் குட்டிக் குட்டி வீடெல்லாம் பாருங்க, தீப்பெட்டி மாதிரி எவ்வளவு அழகு" என்றார். அவை லயங்கள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அழகுதான், இந்த உயரத்தில் இருந்து கூரை ஒழுகுவது தெரியாது. அந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஹப்புத்தளைப் பக்கம் வருகிற சிலர் லயத்து வாசல் வரைக்கும் கேமராவோடு வந்து, இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் கிழவியைக் கேட்காமலே படம் எடுக்கிறார்கள். அவர்களோடு எனக்கு நிறையத் தகராறு இருக்கிறது. அது வேறு பதிலுக்கு.

பெரியப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நாம தப்பான எடத்துக்கு வந்துட்டோம்" என்றார். ஏன் என்றால், தூரத்தில் பளபளவென்று ஒரு பெரிய நீர்த்தேக்கம் தெரிந்தது. "எங்க தோட்டத்துக்குக் கீழ கொளமே இல்ல. ஆறுதான் இருந்துச்சு." சமனலவெவ நீர்த்தேக்கம் அது, 1992இல் வந்தது. அவர் போய் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வளவை ஆற்றை மறித்துக் கட்டியது. நான் சொல்லியும் நம்பவில்லை. பிறகு பாறையின் வளைவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடி, தோட்டத்துப் பாதையைக் கண்டுபிடித்து, ஃபெக்டரி இருக்கும் திசையைக் காட்டி, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களம் எந்தப் பக்கம் என்று சண்டைக்கு நின்று, ஒருவழியாகச் சமாதானமானார்.

அப்போதுதான் பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உதயத்தைத் தவறவிட்டதைச் சொன்னான். பெரியப்பா அவனைப் பார்த்து, "இங்கன நின்னா என்னடா தெரியும்? கீழ நின்னு பாக்கணும். மார்கழி, தையில பிரட்டுக்குப் போறப்ப எங்களுக்கு இன்னும் இருட்டா இருக்கும். நாம நிக்கிற இந்தப் பாறை மட்டும் அடுப்புல வச்ச இரும்பாட்டம் செவந்து நிக்கும். அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா வெளிச்சம் எறங்கி வரும். கங்காணி கத்துறதுக்குள்ள பாத்துக்கிட்டாத்தான் உண்டு" என்றார்.

யோசித்தால் அது கணக்குக்கும் சரியாகத்தான் வருகிறது. அந்த மாதங்களில் சூரியன் தென்கிழக்கே எழுவதால் தெற்குப் பார்த்த பாறை முகத்தில் முதல் வெயில் விழும். ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே ஒதுங்கிவிடும், அந்த முகம் காலையில் நிழலில் கிடக்கும். ஆகவே உலக முடிவில் உதயம் என்று ஒன்று உண்டு, அது மேலே டிக்கட் எடுத்தவனுக்குத் தெரியாது. பேரன் உடனே, "அப்ப கீழ போலாமா சித்தப்பா?" என்றான். இரண்டு நாள் கழித்து பெலிஹுல்ஓயா சுற்றிப் போனோம். அன்று மழை. பெரியப்பாவின் லயம் இருந்த இடத்தில் தேயிலை வைத்திருந்தார்கள். அவருடைய வயதுச் சோட்டுக்காரர் ஒருவர் உயிரோடு இருந்தார், இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு மாலை வரைக்கும் இறந்துபோனவர்களின் பெயர்களைச் சரிபார்த்தார்கள். பாறை முகிலுக்குள் இருந்தது, பேரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி உங்களுக்கு. உதயம்தான் வேண்டும் என்றால் உலக முடிவை அதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். பருவ காலமாக இருந்தால், அதாவது மார்கழிப் போயாவில் இருந்து வெசாக் வரை, சிவனொளிபாதமலை ஏறுங்கள். 2,243 மீற்றர், இரவெல்லாம் படி, முழங்கால் கேள்வி கேட்கும், ஆனால் உதயத்தோடு மறுபக்கம் விழுகிற முக்கோண நிழலையும் பார்க்கலாம். முழங்காலுக்கு அது ஒத்துவராது என்றால் ஹப்புத்தளைக்கு வந்து தம்பேதன்னைக்கு மேலே இருக்கிற லிப்டன் சீட்டுக்குப் போங்கள். கிழக்கு திறந்து கிடக்கும், சுற்றிலும் தேயிலை மலை. எங்கள் ஊர் என்பதால் தூக்கிப் பேசுகிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், பேசுகிறேன்தான். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஆட்டோவுக்கு முதல் நாள் இரவே சொல்லி, விலையையும் பேசி வையுங்கள், ஒரு ஜேர்ஸி போதாது, இரண்டு போடுங்கள். திரும்பி நடந்தே இறங்கினால் ஏழு மணிக்குப் பிறகு கொழுந்துக்குப் போகிறவர்கள் எதிரே வருவார்கள், பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள், அவர்களுக்கு நேரத்துக்குப் போக வேண்டும்.