புக்கிட்டிங்கியின் வரலாறு என்ன? அங்கே என்ன பார்க்கலாம்?

இந்தோனேசியாவின் மேற்கு சுமத்ராவில், சுமார் 900 மீட்டர் உயரத்தில், மராப்பி, சிங்கலாங் எரிமலைகளுக்கு அருகே இருக்கும் மினாங்கபாவ் மக்களின் ஊர் இது. பெயருக்கு 'உயர்ந்த குன்று' என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில், பத்ரி எனும் இஸ்லாமியச் சீர்திருத்தவாதிகளுக்கு எதிராக நடந்த பத்ரி போரின்போது டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள்.

ஊரின் வரலாற்றைப் படிக்க 1926-இல் எழுந்த 'ஜாம் கடாங்' மணிக்கூண்டே போதும். அதன் கூரையை அண்ணாந்து பாருங்கள். டச்சுக் காலத்தில் உச்சியில் சேவல் உருவம் இருந்தது; இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வந்ததும் அவர்கள் கோயில் பாணிக்கு மாறியது; விடுதலைக்குப் பின் எருமைக் கொம்புபோல் வளைந்த மினாங்கபாவ் கூரை வந்தது. மூன்று ஆட்சிகள், மூன்று கூரைகள்! கடிகார முகப்பில் ரோமன் எண் நான்கு, வழக்கமான IV ஆக இல்லாமல் நான்கு நேர்கோடுகளாகவே (IIII) இருக்கும். கவனித்துப் பாருங்கள்.

அடுத்து சியானோக் பள்ளத்தாக்கு. காலையிலேயே போய்விடுங்கள். அதையொட்டியே ஜப்பானியர் கட்டாய உழைப்பில் குடைந்த சுரங்கம் இருக்கிறது. உள்ளே எத்தனையோ பேர் வதைபட்டார்கள். படம் எடுக்க மட்டும் இறங்காதீர்கள்.

இந்தோனேசியாவின் முதல் துணை அதிபர் முகமது ஹத்தா 1902-இல் பிறந்ததும் இங்கேதான். அவர் பிறந்த வீட்டை மறுபடி கட்டி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நேரம் குறைவென்றால் கோட்டையை விட்டுவிடலாம், அந்த வீட்டை விடாதீர்கள்.