"வண்டிய நிறுத்திட்டீங்களாப்பா?"

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் ஒரே மகளுக்கு மூன்று வயது பத்து மாதம் ஆகிறது. இதுவரை என் மாமியார்தான் அவளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். இந்த ஜூன் மாதம் எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். பையும் தண்ணீர் பாட்டிலும் வாங்கி வந்த நாள் முதல் அவற்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். எனவே அழ மாட்டாள் என்றே நம்பியிருந்தேன்.

முதல் நாள் வண்டியின் முன்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்த குழந்தை, வகுப்பு வாசலில் அழுதுகொண்டிருந்த மற்றப் பிள்ளைகளைப் பார்த்ததும் என் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட என்னைக் குனிய விடவில்லை. அப்போது அங்கிருந்த ஆயா என் காதருகே வந்து, "சார், சொல்லிட்டுப் போனீங்கன்னா புள்ள விடாதுங்க. வண்டிய நிறுத்திட்டு வர்றேன்னு சொல்லிட்டு நைசா கெளம்பிருங்க" என்றார். எனக்கும் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. "அம்மணி, வண்டி வெயில்ல நிக்குது, நெழல்ல நிறுத்திட்டு வந்துடறேன்" என்றேன். அவள் உடனே கையை விட்டுவிட்டு, "சீக்கிரம் வாங்கப்பா" என்றாள்.

சுற்றுச்சுவருக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், அரை மணி நேரம் நின்றேன். உள்ளிருந்து வந்த அழுகைகளில் எது என் மகளுடையது என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அன்று அலுவலகத்தில் ஒரே பில்லை இரண்டு முறை பதிவு செய்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு அழைக்கப் போனபோது அவள் அழவில்லை. ஓடியும் வரவில்லை. நடந்து வந்து, என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "வண்டிய நிறுத்திட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இது நடந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. பள்ளியில் பத்து நிமிடம் அழுதுவிட்டுப் பிறகு விளையாடத் தொடங்கிவிடுகிறாள், சாப்பாட்டையும் முடித்துவிடுகிறாள் என்று வகுப்பாசிரியை சொல்கிறார். சிக்கல் வீட்டில்தான். நான் வண்டிச் சாவியை எடுத்தால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறாள். குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். இரவில் விழித்து என் கையைத் தொட்டுப் பார்க்கிறாள். அவளுடைய அம்மாவிடம் இப்படியெல்லாம் இல்லை. "பச்சப் புள்ளைக்கு இப்பென்ன படிப்பு, ஒரு வருசம் போகட்டும்" என்கிறார் மாமியார். "நீங்க பொய் சொன்னீங்க, நீங்களே சரி பண்ணுங்க" என்கிறாள் மனைவி.

என் தந்தையும் கடலை மிட்டாய் வாங்கி வருவதாகச் சொல்லித்தான் என்னை ஒன்றாம் வகுப்பில் விட்டுவிட்டுப் போனார். முப்பது ஆண்டுகள் ஆகியும் எனக்கு அது மறக்கவில்லை. என் மகள் மனத்திலும் அப்படியொரு வடுவை உண்டாக்கிவிட்டேனா? நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டால் அவளுக்குப் புரியுமா, அல்லது மறந்துகொண்டிருப்பதை நானே கிளறிவிடுவேனா? பள்ளியை நிறுத்திவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத தந்தை, கரூர்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பள்ளியை நிறுத்த வேண்டாம். பத்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போகிற, கொடுத்தனுப்பிய சாப்பாட்டைச் சாப்பிடுகிற குழந்தை பள்ளிக்குத் தயாராகத்தான் இருக்கிறது. இப்போது நிறுத்தினால், தவறு பள்ளிக்கூடத்தில் இருந்தது என்று அவள் புரிந்துகொள்ளக்கூடும். தவறு அங்கே இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

அவள் கேட்ட கேள்வியை உங்கள் மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டரை மணி என்பதற்குப் பொருள் கிடையாது. அடுத்தடுத்து நடப்பவற்றை வைத்துத்தான் அது பொழுதை அளக்கும். நீங்கள் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒரே அளவு, வண்டியை நிழலில் நிறுத்தும் நேரம். அந்த மூன்றரை மணி நேரத்தையும் அவள் அதைக் கொண்டே கடந்திருக்கிறாள். உங்கள் சொல்லை முழுதாக நம்பியதால்தான் அப்படிக் கேட்டாள். இப்போதுள்ள அச்சமும் அதனால்தான் இவ்வளவு குறிப்பாக இருக்கிறது: அவள் பயப்படுவது சாவிக்கும் வண்டிக்கும், முன்னறிவிப்பின்றி நீங்கள் மறைந்துபோவதற்கும். அம்மாவிடம் அந்த அச்சம் இல்லாததற்கு, அம்மாவின் மேல் பாசம் கூடுதல் என்பது காரணமல்ல; அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

குழந்தைக்கும் பெற்றோருக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி மனநல மருத்துவர் ஜான் பௌல்பி எழுதியவற்றை அடியொற்றி, மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் முதலில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்மாரையும் குழந்தைகளையும் கூர்ந்து கவனித்தார். ஒரு வயதையொட்டிய குழந்தைகளை அறையில் சிறிது நேரம் தாயிடமிருந்து பிரித்துப் பார்த்த அவருடைய ஆய்வில், பிரியும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் அது என்ன செய்கிறது என்பதே முக்கியமாகக் கருதப்பட்டது. உங்கள் மகள் பெரியவள், சூழலும் வேறு. ஆனாலும் நான் அந்த இடத்தைத்தான் பார்க்கிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உங்களிடம் வந்து, உங்களிடமே விளக்கம் கேட்டாள். அந்த விளக்கம் இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே சொல்லுங்கள். இரவில் வேண்டாம், பள்ளி வாசலிலும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பக்கத்தில் அவளோடு உட்கார்ந்து, "அன்னிக்கு வண்டிய நிறுத்திட்டு வர்றேன்னு சொன்னேன். ஆனா அப்பா ஆபீசுக்குப் போயிட்டேன். அது பொய். இனிமே உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்" என்ற அளவில் சொன்னால் போதும். உங்கள் குற்ற உணர்வை அவளிடம் கொட்டாதீர்கள். நீங்கள் கண் கலங்கினால், உங்களைத் தேற்றும் வேலையும் அந்தக் குழந்தைக்கு வந்து சேரும். மறந்ததைக் கிளறுவதாகாது, ஏனெனில் இரவில் உங்கள் கையைத் தொட்டுப் பார்ப்பவள் மறக்கவில்லை. அவள் அதே கேள்வியை மறுபடி மறுபடி கேட்கலாம். அதே பதிலைச் சொல்லுங்கள்.

பிறகு விளையாட்டு. சாவியை அவளிடம் கொடுத்து, "நீ வண்டிய நிறுத்திட்டு வா" என்று அனுப்பிவிட்டு, நீங்கள் காத்திருங்கள். பிராய்டு தம்முடைய ஒன்றரை வயதுப் பேரன் நூல்கட்டையைக் கண்மறைவாக எறிந்து, நூலைப் பிடித்து மீண்டும் இழுத்துக்கொண்டே இருந்ததைப் பற்றி 1920இல் எழுதினார். அம்மா போவதையும் வருவதையும் குழந்தை தன் கைக்குள் கொண்டுவரும் முயற்சியாக அவர் அதைப் பார்த்தார். அவருடைய கோட்பாடுகளில் எனக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. ஆனால் இந்த ஒன்றை, கண்ணாமூச்சி ஆடும் எந்தக் குழந்தையிடமும் பார்க்கலாம்.

பள்ளி வாசலில் விடைபெறுவது சுருக்கமாக இருக்கட்டும்; கால் மணி நேரம் நின்று சமாதானம் சொன்னால் அழுகைதான் நீளும். நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்கிறோம். அதையே சொல்லுங்கள், கூடவே எப்போது வருவீர்கள் என்பதை அவளுடைய கணக்கில் சொல்லுங்கள்: "நீ டப்பாவக் காலி பண்ணி, பையை மாட்டிக்கிட்டு நிக்கும்போது வந்துருவேன்." அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். தினமும் ஒரே ஆள் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போக முடியுமா என்று வகுப்பாசிரியையிடம் கேளுங்கள். அந்த ஆயாவின் மீது கோபம் வேண்டாம். ஒரே நேரத்தில் இருபது முப்பது பிள்ளைகள் அழும் இடத்தில், வாசலைக் காலி செய்வதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது.

மாமியாரிடமும் பேசுங்கள். "பச்சப் புள்ள, பாவம்" என்பதை மகள் காதுபடச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்த திங்கட்கிழமைகளில் அழுகை திரும்பி வரும், பதற வேண்டாம். பிரிவச்சத்தை ஒரு கோளாறாகக் கருதுவதற்குக் குழந்தைகளிடம் அது குறைந்தது 4 வாரங்களாவது நீடித்து, அன்றாட வாழ்க்கையையும் பாதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் இதே நிலை தொடர்ந்தாலோ, இடையிலேயே தினமும் காலையில் வயிற்றுவலி, வாந்தி, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல், பேச்சுக் குறைதல் ஆகியவை தெரிந்தாலோ ஒரு குழந்தை நல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

வடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை. உங்கள் மகள் அந்த எல்லையைச் சற்றே தாண்டியிருக்கிறாள், நினைவில் நின்றாலும் நிற்கலாம். உங்கள் தந்தை அன்று மாலை கடலை மிட்டாயோடு வந்தாரா, இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். வந்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள்.

நாளைக் காலை வண்டி உண்மையிலேயே வெயிலில் நின்றால், அவளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வேப்ப மரத்தடியில் நிறுத்துங்கள். ஸ்டாண்டை அவள் காலாலேயே தள்ளிவிடச் சொல்லிவிட்டு, பிறகு வகுப்புக்கு நடந்து வாருங்கள்.