எம்.பி.யிடம் எதைக் கேட்பது? கடலூர், புதுச்சேரிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மக்களவை உறுப்பினர் ஒருவரின் கடலூர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். வருகிற மனுக்களைப் பிரிப்பதும், நாடாளுமன்றத்தில் கேட்பதற்கான கேள்விகளை எழுதித் தருவதும் என் பொறுப்பு. அந்த வேலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

வண்ணாரப்பாளையத்திலிருந்து ஒருவர்: மேடம், மழை பெய்தால் எங்கள் தெருவில் முட்டியளவு தண்ணீர் நிற்கிறது. வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி எம்.பி.க்கு இரண்டு முறை மனு கொடுத்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் எதற்கு எம்.பி.?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் மனு போன இடம் தப்பு. தெரு வாய்க்கால் மாநகராட்சியின் வேலை, அதற்குக் கவுன்சிலரையும் ஆணையரையும் பிடிக்க வேண்டும். எம்.பி.யின் கையில் இருப்பது தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். கடலூர் மக்களவைத் தொகுதியில் திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பங்கு போட்டால் ஒன்றுக்கு ஒரு கோடிகூட வராது. அதையும் அவர் பரிந்துரைக்கத்தான் முடியும். ஒப்புதல் கொடுப்பதும் வேலையை நடத்துவதும் மாவட்ட நிர்வாகம். எங்களுக்கு வந்த மனுக்களில் பெரும்பகுதி தெருவிளக்கு, பட்டா, முதியோர் உதவித்தொகை. ஒவ்வொன்றையும் உரிய அலுவலகத்துக்கு அனுப்புவதிலேயே பொழுது போய்விடும். டெல்லியில் கேட்க வேண்டியது பின்னால் தள்ளிப்போகும். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

நெய்வேலி பக்கத்திலிருந்து ஒருவர்: அக்கா, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் நாங்கள். எம்.பி. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதால் எங்களுக்கு என்ன கிடைத்துவிடும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் தம்பி. சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் வருவது. அதனால் இது முழுக்க எம்.பி.யின் களம்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாத கேள்விகளும் பட்டியலில் வரும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்றதற்கு எழுத்தில் பதில் வரும். குறைந்தது 15 நாளுக்கு முன்பே கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். யாருடையது முதலில் வரும் என்பது குலுக்கலில்தான் முடிவாகும்.

எல்லாரும் நட்சத்திரத்துக்கு ஆசைப்படுவார்கள், டி.வி.யில் முகம் தெரியும். என் அனுபவத்தில் பயன் அதிகம் தந்தது எழுத்துக் கேள்விதான். அவையில் அமளி நடந்து ஒத்திவைத்தாலும் எழுத்துப் பதில் வந்துவிடும். அது அரசே ஒப்புக்கொண்ட ஆவணம். நீதிமன்றத்திலும் காட்டலாம், ஆட்சியர் மேசையிலும் வைக்கலாம்.

ஆனால் கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. “நிலம் கொடுத்தவர்கள் படும் துயரம் அரசுக்குத் தெரியுமா?” என்று கேட்டால், “விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படுகிறது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். “கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்த ஊரில், எத்தனை குடும்பத்திடம், எத்தனை ஹெக்டேர் எடுக்கப்பட்டது? அவர்களில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை பேருக்கு ஒப்பந்த வேலை? ஊர்வாரியாகத் தருக” என்று கேட்டால் நழுவுவது கஷ்டம். அமைச்சர் “பரிசீலிக்கிறோம்” என்று சொன்னாலும் விடக்கூடாது. அப்படிப்பட்ட வாக்குறுதிகளைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு ஒன்று நாடாளுமன்றத்தில் இருக்கிறது. நிறைவேற்ற மூன்று மாதம் அவகாசம். இது பலருக்குத் தெரியாது, சில உறுப்பினர்களுக்கும்தான்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர்: மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து மொத்தமாக அள்ளும் சுருக்குமடி வலைப் பிரச்சினையை மாநில அரசிடம் சொல்வதா, எம்.பி.யிடம் சொல்வதா?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பது மாநிலத்தின் அதிகாரம், அதற்கு அப்பால் ஒன்றியத்தினுடையது. 2023 ஜனவரியில் இந்த வலைக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால அனுமதியும், 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும் என்றுதான் இருந்தது. ஆகவே எல்லைக்கு வெளியே என்றால் எம்.பி., உள்ளே என்றால் எம்.எல்.ஏ. இந்த வலை வேண்டும் என்கிற குப்பமும் உண்டு, கூடாது என்கிற குப்பமும் உண்டு. ஒரு பக்கத்து ஓட்டுக்குப் பயந்து உறுப்பினர் வாயே திறக்காமல் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் செய்கிற அநியாயம்.

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அக்கா, வருகைப் பதிவு நன்றாக இருந்தால் நல்ல எம்.பி. என்று எடுத்துக்கொள்ளலாமா?

வருகையைப் பதிந்துவிட்டால் அன்றைக்கு வந்ததாகக் கணக்கு. அதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. அவர் எந்த நிலைக்குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். அமைச்சகங்களின் வேலையை ஆராய்கிற எம்.பி.க்கள் குழுக்கள் இவை; துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அங்கே கேமரா கிடையாது, கட்சிக் கொறடாவின் உத்தரவும் செல்லாது. அதிகாரிகளை உட்காரவைத்து நிதானமாகக் கேள்வி கேட்கலாம்.

புதுச்சேரிக்கு இது இன்னும் முக்கியம்மா. உங்களுக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர், அவ்வளவுதான். கேரளத்தை ஒட்டிய மாகே, ஆந்திரத்தை ஒட்டிய ஏனாம், காரைக்கால் எல்லாவற்றுக்கும் அந்த இருவர்தான் பேச வேண்டும். ஒன்றிய பட்ஜெட்டில் புதுச்சேரிக்கு வரும் பணம் உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில், அதாவது செலவுக்கு நாடாளுமன்றத்திடம் ஒப்புதல் கேட்கும் பட்டியலில், இருக்கிறது. அது குழுவுக்கும் அவைக்கும் வரும்போது உங்கள் உறுப்பினர் என்ன சொன்னார் என்று தேடிப் பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: விதி 377 என்கிறார்களே, அது என்னம்மா? புதுச்சேரி–கடலூர் ரயில் பாதையை அதில் எழுப்பலாமா?

எழுப்பலாம் ஐயா. கேள்வி நேரம் முடிந்ததும் அவசர விஷயங்களை எழுப்புகிற பூஜ்ய நேரத்தில் பேசியது காற்றோடு போய்விடலாம். 377-இல் 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுப்பார்கள், அதற்கு அமைச்சகம் எழுத்தில் பதில் தர வேண்டும். சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ரயிலில் போக நினைத்தால் விழுப்புரத்தைச் சுற்ற வேண்டியிருக்கிறது. இந்த ஒரு வரியை முதலில் எழுதினாலே போதும், விஷயம் புரிந்துவிடும். தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறது.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர்: தனி உறுப்பினரே மசோதா கொண்டுவரலாமாமே?

உண்டு, அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கான நேரம். இதுவரை சட்டமானவை 14 மட்டும்தான், கடைசியானது 1970-இல். ஆனாலும் வீண் இல்லை. திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015-இல் மாநிலங்களவை நிறைவேற்றியது, அந்தப் பேச்சு அதோடு நிற்கவும் இல்லை. எனக்குக் கவலை வேறு. முதல் மக்களவை 677 நாள் கூடியது, பதினேழாவது மக்களவை 274 நாள்தான். நாள் குறைந்தால் கேள்வியும் குறையும்.

பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி விவசாயி: நாங்களே கேள்வி எழுதித் தரலாமா?

தாராளமாக. இதைத்தான் எல்லாரிடமும் எதிர்பார்க்கிறேன். 2011-இல் தானே புயலில் முந்திரி மரங்கள் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள், டெல்லியில் இருப்பவருக்கு அது தெரியாது. அதே கேள்வியை யாராவது முன்பே கேட்டிருக்கிறார்களா என்று நாடாளுமன்ற இணையதளத்தில் தேடுங்கள், பழைய பதில்களெல்லாம் கிடைக்கும். பிறகு ஒரே பக்கத்தில், எந்த அமைச்சகம், என்ன எண்ணிக்கை வேண்டும், எந்த ஆண்டிலிருந்து என்று மட்டும் எழுதுங்கள். வாழ்த்து, சால்வை எதுவும் வேண்டாம். குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். உங்கள் தாள் அக்டோபர் முடிவதற்குள் அலுவலகத்தில் இருக்கட்டும். கைப்பேசி எண்ணையும் எழுதிவையுங்கள், கேள்வி எழுதுகிறவருக்குச் சந்தேகம் வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்.